கருமணலும் இரத்தப் புற்றும்: ஓர் ஆய்வைப் படிக்கும் முறை

கன்னியாகுமரிக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் ஒரு சிறு மணல் பொட்டலத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று பல நிறங்கள் கொண்ட அந்த மணலைக் கடற்கரையில் விற்பார்கள். குமரி அம்மனின் திருமணம் நின்றுபோயிற்று, விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது கதை.

அந்தக் கரையை ஒட்டி மேற்கே முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று போனால் மணலைப் பற்றி வேறு இரண்டு கதைகள் காதில் விழும். "இந்தக் கருமணல்தான் இரத்தப் புற்றுநோய் தருகிறது" என்பது ஒன்று. "கேரளத்தில் பெரிய ஆய்வே நடத்திப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்" என்பது மற்றொன்று.

இது திண்ணைப் பேச்சோடு முடிகிற விஷயம் அன்று. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேர் பரப்பில் தாது மணல் எடுக்கும் திட்டம் 2024இல் கடலோர ஊர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அத்தகைய வாதங்களில் புற்றுநோயே முதலில் வந்து நிற்கிறது. இன்னொரு பக்கம், பிள்ளைக்கு இரத்தப் புற்று என்று மருத்துவர் சொன்னதும், "இந்த ஊரில் இருந்ததால்தானா?" என்று கேட்கிற தாய்க்கும் யாராவது உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, அந்தக் "கேரளத்து ஆய்வு" என்னதான் சொல்கிறது என்று நாமே எடுத்துப் பார்ப்போம். அதைப் பாராட்ட வேண்டிய இடங்கள் உண்டு. மற்றவர்கள் அதன் தலையில் ஏற்றிய சுமைகளை இறக்கிவைக்க வேண்டிய இடங்களும் உண்டு.

மணலுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். மணல் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மணலுக்குக் கறுப்பு நிறம் தருவது பெரும்பாலும் இல்மனைட் என்ற தாது. அதில் இருப்பவை இரும்பும் டைட்டானியமும். சிவப்பு நிறம் கார்னெட் தருவது. கதிரியக்கத்துக்கு முக்கியக் காரணமான மோனசைட்டோ தேன் போன்ற மஞ்சள் பழுப்பு நிறம் உடையது. இவையெல்லாம் கனமான தாதுக்கள் ஆகையால், அலைகள் இவற்றை ஒரே இடத்தில் சேர்த்து ஒதுக்குகின்றன. எனவேதான் கருமணல் இருக்கும் இடத்தில் மோனசைட்டும் இருக்கிறது.

1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து இந்தத் தாதுவைக் கண்டுகொண்டார். அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. அந்நாளில் தேவை விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் விளக்கில் பளீரென்று எரியும் வலைத் திரி இருக்கிறதே, அதற்குத் தோரியம் வேண்டும். நம் நாட்டு மோனசைட்டில் சுமார் 8 முதல் 10 சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு உண்டு.

தோரியம் மிக மெதுவாக அழியும் தனிமம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அது சிதையும்போது பிறக்கும் சேய்த் தனிமங்கள் காமா கதிர்களை வீசுகின்றன. இக்கதிர்கள் மணலிலிருந்து எழுந்து, நம் உடலை ஊடுருவி, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை வரை செல்ல வல்லவை.

இரத்தம் உற்பத்தியாகும் இடம் மஜ்ஜை. அங்கே ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஓயாமல் பிரியும் உயிரணுக்களின் டி.என்.ஏ. இழையில் கதிர் பட்டு அறுந்து, அந்த அறுபட்ட இடம் பிசகாக ஒட்டிக்கொண்டால், ஏதோ ஓர் அணு கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கலாம். அதுவே இரத்தப் புற்று. எனவே, கதிர்வீச்சுக்கும் இரத்தப் புற்றுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பது மூடநம்பிக்கை ஆகாது. ஹிரோஷிமா, நாகசாகியில் அதை உலகம் கண்டது. மஜ்ஜையில் 0.005 கிரேக்கு மேல் கதிர் பெற்று உயிர் பிழைத்தவர்களில் 2000ஆம் ஆண்டு வரை இரத்தப் புற்றால் இறந்தவர்கள் 204 பேர். அவர்களில் 94 பேரின் இறப்பு குண்டின் கதிர்வீச்சால் நேர்ந்த கூடுதல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அங்கே கதிர் ஒரு நொடியில் பாய்ந்தது. இங்கே அது தூறலாக, வாழ்நாள் முழுதும் விழுகிறது. ஒரு குடம் நீரைத் தலையில் கொட்டுவதும், அதே நீரை ஓராண்டு முழுதும் துளித் துளியாகத் தெளிப்பதும் ஒன்றா? இதுதான் கேள்வி.

கருநாகப்பள்ளியில் செய்தது என்ன?

மணவாளக்குறிச்சியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் வடக்கே, கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது கருநாகப்பள்ளி. அங்கும் இதே மோனசைட் மணல். அதன் கடலோரப் பஞ்சாயத்துகளில் வெளிப்புறக் கதிர்வீச்சின் நடு அளவு ஆண்டுக்கு 4 மில்லி கிரேக்கு மேல். சில குறிப்பிட்ட இடங்களில் 70 மில்லி கிரே வரை போகிறது. உலகில் சாதாரண மண்ணிலிருந்து வெளியிடத்தில் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் அரை மில்லி கிரேதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே 1990இல் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கிற்று. நம் மாவட்டத்து நோயாளிகள் பலர் பேருந்து ஏறிப் போவதும் இதே மையத்துக்குத்தான். ரகுராம் நாயர் முதலிய இந்திய விஞ்ஞானிகளும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து எழுதிய முடிவு, 2009ஆம் ஆண்டு 'ஹெல்த் பிசிக்ஸ்' என்ற ஆய்விதழில் வெளியாயிற்று.

அதன் எண்கள் இவை. கருநாகப்பள்ளியில் வாழ்ந்த 3,85,103 பேரையும் கணக்கெடுத்தனர். கதிர்வீச்சு அளவை வைத்து 1,73,067 பேர் கொண்ட ஒரு பிரிவைத் தேர்ந்தனர். அவர்களில் 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கண்காணித்தனர். 2005 முடிய 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அவர்களில் இரத்தப் புற்று 30 பேருக்கு. கதிர் அதிகம் பெற்றவர்களிடம் புற்றுநோய் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்தனர். இல்லை. இரத்தப் புற்றுக்கும் கதிர் அளவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை.

இந்த ஆய்வின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். கடற்கரையில் ஓர் இடத்தில் கருவியை வைத்து அளந்துவிட்டு ஊருக்கே அந்த எண்ணை எழுதிவிடவில்லை. ஒவ்வொரு வீட்டின் உள்ளும் வெளியும் அளந்தார்கள். ஆண் எவ்வளவு நேரம் வீட்டில் இருப்பார், பெண் எவ்வளவு நேரம், எந்த வயதில் எவ்வளவு என்றெல்லாம் கணக்கிட்டு, ஆளுக்கு ஆள் கதிர் அளவைக் கண்டார்கள். பீடி புகைப்பதையும் சமூக நிலையையும் கணக்கில் சேர்த்தார்கள். உலகில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த ஊர்களில் இவ்வளவு பொறுமையுடன் நடந்த ஆய்வுகள் மிகச் சில. "அரசாங்கம் சொல்லி எழுதிக் கொடுத்தது" என்று இதை ஒரே வரியில் ஒதுக்கிவிடுவோர், இந்த உழைப்பை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

கழித்தல் குறியின் பொருள்

இனி, எதிர்ப்பக்கத்தாரைப் பார்ப்போம். இரத்தப் புற்று நீங்கலான மற்றப் புற்றுகளுக்கு ஆய்வு தரும் எண்: ஒரு கிரே கதிருக்குக் கூடுதல் ஆபத்து -0.13. உடனே சிலர், "பார்த்தீர்களா, கழித்தல் குறி! மணல் புற்றுநோயைக் குறைக்கிறது!" என்கிறார்கள்.

அடுத்த வரியைப் படிக்காததால் வரும் பிழை இது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, உண்மை மதிப்பு -0.58 முதல் +0.46 வரை எங்கேயும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதாவது, ஒரு கிரேக்கு 58 சதவீதம் குறைவு என்பதிலிருந்து 46 சதவீதம் கூடுதல் என்பது வரை எல்லாமே இந்தக் கணக்குக்கு ஒத்துவரும். பனிமூட்டத்தில் நின்று, "எதிரே மலை எதுவும் தெரியவில்லை" என்று சொல்வது போன்றது இது. பெரிய மலை இருந்திருந்தால் தெரிந்திருக்கும். சிறு குன்று இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆய்வாளர்களே, கதிர் அளவு குறைவாக இருப்பதால் தங்கள் ஆய்வின் கண்டறியும் ஆற்றல் போதாமல் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்று நாம் மதிப்பிட்டிருப்பதைவிட ஆபத்து மிகப் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை என்பதே அவர்களுடைய முடிவு. "ஆபத்தே இல்லை" என்று அவர்கள் எழுதவில்லை. அவர்களுக்காகப் பிறர் எழுதிக்கொண்டது அது.

முப்பது பேர்

இரத்தப் புற்றுக்கு வந்தால் பனி இன்னும் அடர்த்தி. மொத்தம் 30 பேர்தானே? அவர்களைக் கதிர் அளவுப்படி ஐந்து கூறாகப் பிரித்தால் கூறுக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு என்று எதிர்பார்க்கும் இடத்தில், எந்தக் காரணமும் இல்லாமல் தற்செயலாகவே இரண்டும் வரலாம், பதினொன்றும் வரலாம். இவ்வளவு ஆடும் தராசில் ஒரு குன்றிமணியை நிறுக்க இயலுமா? ஆகவே, "இரத்தப் புற்றுக்குத் தொடர்பு தெரியவில்லை" என்பதும் "இரத்தப் புற்றுக்குத் தொடர்பு இல்லை" என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள். முதலாவதை ஆய்வு சொல்கிறது. இரண்டாவதை நாம் சொல்கிறோம்.

இதே குழுவினரின் அடுத்த பெரிய கட்டுரை 2021இல் வெளிவந்தது. அதிலும் கூடுதல் தெரியவில்லை. ஆனால் அது இரத்தப் புற்று நீங்கலான புற்றுகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. நம் தாயின் கேள்விக்கு அங்கே பதில் தேடுவதில் பயனில்லை.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? ஆய்ந்தவர்கள் வயது 30 முதல் 84 வரை. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் கடும் லிம்போ இரத்தப் புற்று இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் அதிகம். அந்தத் தாயின் மடியில் இருக்கும் பிள்ளை, இந்தக் கணக்கின் எந்த வரியிலும் இல்லை!

பிள்ளைகளைப் பற்றி வேறு நாட்டில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. பிரிட்டனில் 1980 முதல் 2006 வரை புற்றுநோய் கண்ட 27,447 சிறுவரையும், நோயற்ற 36,793 சிறுவரையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். மஜ்ஜையில் சேரும் ஒவ்வொரு மில்லி கிரே இயற்கைக் காமா கதிருக்கும் இரத்தப் புற்று ஆபத்து சுமார் 12 சதவீதம் கூடுகிறது என்றது அது. இதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அங்கே வீடு வீடாக அளக்கவில்லை. பிறந்தபோது தாய் வசித்த வட்டாரத்தின் சராசரி அளவையே பிள்ளையின் அளவாகக் கொண்டார்கள்.

ஆயினும், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கருநாகப்பள்ளிக் கடலோரத்தில் ஐந்து வயதுப் பிள்ளை 10 மில்லி கிரே பெற்றிருக்கிறது என்று கொள்வோம். பிரிட்டன் கணக்கு அங்கும் பொருந்துமானால், அந்தப் பிள்ளைக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஆக வேண்டும். இது கண்டறிந்த உண்மை அன்று, வெறும் கணக்கு. ஆனால் சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கத் தக்க கணக்கு. பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

மறுபக்கத்துத் தவறு

"அப்படியானால் மணல்தான் காரணம் என்பது சரிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் அவசர முடிவே.

இந்தியாவில் இரத்தப் புற்று ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் மூன்று அல்லது நான்கு பேருக்குப் புதிதாக வருகிறது. 2011 கணக்கெடுப்புப்படி கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள் தொகை 18.7 லட்சம். அப்படியானால் மணல் ஒரு மணிகூட இல்லாவிட்டாலும், இம்மாவட்டத்தில் ஆண்டுதோறும் அறுபது, எழுபது பேருக்கு இந்நோய் வரும். சுமார் 70 கிலோமீட்டர் கரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் நெருக்கி அமைந்திருக்கின்றன. இந்த நோயாளிகளை ஊர்களின் மேல் கண்ணை மூடிக்கொண்டு தூவினாலும், ஏதோ ஓர் ஊரில் ஒரே தெருவில் இருவர் விழத்தான் செய்வார்கள். அந்தத் தெருவில் இருப்பவருக்கு அது தற்செயலாகத் தோன்றாது. தோன்றாததில் வியப்பும் இல்லை.

மேலும், இது தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டம். காய்ச்சல் நீடித்தால் இரத்தம் சோதிக்கிறார்கள். முதியோரும் அதிகம். சோதனை கூடினாலும் முதுமை கூடினாலும் பட்டியலில் புற்றுநோய் கூடும். வயது வாரியாகப் பிரித்து ஒப்பிடாமல், "எங்கள் மாவட்டத்தில் அதிகம்" என்று சொல்வதில் பொருள் இல்லை.

ஆகவே, கருநாகப்பள்ளியின் எண்கள் கருநாகப்பள்ளியின் எண்களே. அவை வீட்டைச் சுற்றியுள்ள இயற்கைக் காமா கதிரைப் பற்றியவை. மணலைத் தோண்டும்போது எழும் தூசி, ஆலையில் மோனசைட்டைப் பிரிக்கும் தொழிலாளி சுவாசிக்கும் காற்று, கடலரிப்பு, நிலமிழப்பு ஆகியவை பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுரங்கத்தை ஆதரிப்பவர் அதைக் காட்டுவதும் தவறு, சுரங்கத்தை எதிர்க்கப் புற்றுநோய் ஒன்றையே பிடித்துத் தொங்குவதும் தவறு. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள நியாயங்கள் தம் காலில் நிற்கக் கூடியவை. புற்றுநோயின் தோளில் அவற்றை ஏற்ற வேண்டியதில்லை.

காரணம் வேறு, சிகிச்சை வேறு

இத்தனை வாதத்திலும் ஒரு செய்தி மறைந்து போகிறது. இரத்தப் புற்று எதனால் வந்தாலும், சிகிச்சை அதே சிகிச்சைதான். "மணல் கொடுத்த நோய், என்ன செய்ய முடியும்?" என்று கையை விரிக்க ஒரு நியாயமும் இல்லை.

1980களின் தொடக்கம் வரை நம் நாட்டில் கடும் லிம்போ இரத்தப் புற்று வந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் நோயின்றி நீடித்தாலே பெரிது. 1984 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகியவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே மருந்து முறையைக் கையாண்டன. நான்கு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் சுமார் 20 சதவீதத்திலிருந்து 45 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்தனர். பெரிதும் பழைய மருந்துகளே. ஒழுங்காக, முறை தவறாமல் கொடுத்ததுதான் பெரிய வேறுபாடு.

இந்த எண்ணையும் நீங்கள் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். இது பெரிய மருத்துவமனையின் வாசலுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளின் கணக்கு. வந்து சேராத பிள்ளை இதில் இல்லை. சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீள்வது. முதல் மாதத்திலேயே பிள்ளை எழுந்து விளையாடத் தொடங்கிவிடும். "சரியாகிவிட்டதே" என்று நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரும். கூலியை விட்டு, பேருந்துச் செலவு செய்து, மாதந்தோறும் வந்து போகும் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பதும் சிகிச்சையின் பகுதியே.

பெரியவர்களுக்கு வரும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றிலும் இதுதான் நிலை. 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அதன் புதிய வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1இல் நம் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மலிவான இந்திய மாத்திரைகள் தொடர்ந்து கிடைக்க வழி உறுதியாயிற்று. நாள் தவறாமல் விழுங்குவோரில் பெரும்பாலோர் நெடுங்காலம் நலமாக வாழ்கிறார்கள்.

எனவே, காரணமின்றி வெளுக்கும் முகம், விடாத காய்ச்சல், ஈறில் இரத்தம், அடிபடாமல் தோன்றும் நீலத் தழும்பு, பிள்ளை சொல்லும் எலும்பு வலி ஆகியவற்றைக் கண்டால், மணலைப் பற்றி வாதாடுவதை ஒத்திவைத்துவிட்டு இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

அப்படியானால் மணல் பற்றிய கேள்வியை விட்டுவிடலாமா? கூடாது. சரியாகக் கேட்க வேண்டும். 2012 முதல் தமிழ்நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் நடந்து வருகிறது. அதில் கன்னியாகுமரிக் கடலோர ஊர்களைத் தனியே பிரித்து, பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் இரத்தப் புற்றை எண்ணி, அவர்கள் வீட்டுக் கதிர் அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். 20,000 பிள்ளைகள் உள்ள கரையோரத்தில் பத்தாண்டில் எதிர்பார்க்கக் கூடிய நோயாளிகள் சுமார் எட்டுப் பேர். இரு மடங்கு என்றால் பதினாறு. ஓராண்டுக் கணக்கில் இந்த வேறுபாடு புலப்படாது. கருநாகப்பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் விடை விரைவில் கிட்டும். நோய் வந்தவர்களை எண்ணுவதோடு, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கிறார்கள் என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.

அந்தத் தாய்க்கு இன்று நாம் நேர்மையாகச் சொல்லக் கூடியது இதுதான்: "அம்மா, பெரியவர்களை ஆராய்ந்ததில் மணலால் பெரிய கேடு தெரியவில்லை. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப் போதிய கணக்கு இன்னும் எடுக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு வந்ததற்கு நீங்கள் காரணம் அல்ல. ஆனால் இந்த நோயைத் தீர்க்க வழி இருக்கிறது. மருந்தை நடுவில் நிறுத்திவிடாதீர்கள்."

அடுத்த முறை யாராவது உங்களிடம், "ஆய்வு நிரூபித்துவிட்டது" என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரை ஆராய்ந்தார்கள்? எந்த வயதினரை? எதை அளந்தார்கள்? மணல் பொட்டலத்தை வாங்குமுன் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை அல்லவா? ஆய்வு முடிவுக்கும் அதுவே முறை.